பச்சைக் கோடுகள்

பச்சைதான். முழுக்கப் பச்சை.

அவள் திரையை மேலிருந்து கீழே இன்னொரு முறை நகர்த்திப் பார்த்தாள். அவள் குழு ஆஸ்பத்திரிக்காக எழுதிய மென்பொருளில், குழந்தைகளுக்கு எவ்வளவு மருந்து என்று கணக்கிடும் பகுதி அது. சோதனையின்போது ஓடிய வரி பச்சை, ஓடாத வரி சிவப்பு. நூற்றெண்பது வரியில் ஒரு சிவப்புகூட இல்லை.

அதனால்தான் இங்கே ஆள் போடவில்லை. இருந்த நாலு டெஸ்டர்களையும், அங்கேதான் சிவப்பு அதிகம் என்று பில் அச்சடிக்கும் பகுதிக்கு அனுப்பிவிட்டார் மேனேஜர் ஜெயசீலன்.

அவள் அந்தச் சோதனையைத் திறந்து படித்தாள்.

இரண்டரை கிலோ, ஐந்து கிலோ, பத்து கிலோ என்று எடைகளைக் கொடுக்கிறது. கணக்கை ஓட்டுகிறது. முடிந்தது.

வந்த விடை சரியா என்று எங்கேயும் பார்க்கவில்லை.

கண்துடைப்பு. பச்சை வரிகளின் சதவீதத்தை ஏற்றுவதற்காக எவனோ எழுதிவிட்டுப் போயிருக்கிறான். நன்றாக இருப்பானா அவன்?

அதே எடைகளைப் போட்டு அவளே ஓட்டினாள். விடைகளைக் காகிதத்தில் சரிபார்த்தாள்.

பத்து கிலோ சரி. ஐந்து கிலோ சரி.

இரண்டரை கிலோவுக்குப் பத்து மடங்கு மருந்து சொன்னது. அந்த வரியைத் தேடிப் பார்த்தாள்; மூன்று கிலோவுக்குக் கீழே எல்லா எடைக்கும் இதே தப்பு.

காகிதத்தோடு நேராக ஜெயசீலன் மேசைக்குப் போனாள். அவர் அதை வாங்கக்கூட இல்லை.

"மொத்தத்துல தொண்ணூத்தி நாலு சதவீதம் பச்சைம்மா. அதுக்கு மேல என்ன வேணும்? நேத்தே ஆஸ்பத்திரிக்குக் குடுத்தாச்சு."

சதவீதமாம். பிள்ளையின் ரத்தத்தில் சதவீதமா ஏறுகிறது? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். நேரமில்லை. அவர் மேசையிலிருந்த போனை இழுத்துக் குழந்தைகள் வார்டுக்கு அடித்தாள்.

மெர்லின் என்ற நர்ஸ் எடுத்தாள். புது மென்பொருளில்தான் மருந்தளவு பார்க்கிறீர்களா என்று இவள் கேட்டாள்.

"காலையிலேருந்து அதுலதாங்க பாக்குறோம். டக்குனு சொல்லிடுது. கையால கணக்குப் போடுற வேலையே இல்ல."

"மூணு கிலோவுக்குக் கீழ இருக்குற பிள்ளைக்கு மட்டும் எதுவும் போடாதீங்க சிஸ்டர். அளவு தப்பு. பத்து மடங்கு காட்டுது."

ஜெயசீலன் எழுந்து நின்றார். இப்போதுதான் காகிதத்துக்குக் கை நீட்டினார்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுதாங்க இருக்கு," என்றாள் மெர்லின். "ரெண்டே முக்கால் கிலோ."

ரிசீவர் மேசையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் ஓடும் சத்தம்.