சகலையின் சிமுலேஷன்

"கெமிக்கல் ரியாக்டர்ல அளந்த வெப்பமும் உங்க சகலை கம்ப்யூட்டர்ல போட்ட சிமுலேஷன் கணக்கும் அச்சு அசலா ஒத்துப்போகுது. உங்களது மட்டும் ஏன் எங்கேயோ போகுது?" என்றார் மேனேஜர்.

எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் மனைவி தன் தங்கை புருஷனின் புராணம் பாடுவது போதாதா?

சகலை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவன் கணினியைத் துழாவினேன். ரசாயனத்தை ஓயாமல் கலக்க வேண்டிய ஸ்டிரரின் வேகம், பூஜ்யம்!

மேனேஜர் அறைக்கு ஓடினேன். "சார், ஸ்டிரரே சுத்தலைன்னு கணக்குப் போட்டிருக்கான்! இவனைப் போய்ப் புகழுறீங்க!"

மேனேஜர் முகம் மாறியது. ரியாக்டரை நிறுத்தித் திறக்கச் சொன்னார். இத்தனை நாளும் மேலே மோட்டார்தான் சுற்றியிருக்கிறது. உள்ளே ஸ்டிரர் கழன்று அடியில் கிடந்தது.

"இப்படியே விட்டிருந்தா வெடிச்சிருக்கும். திறக்காமலே கண்டுபிடிச்சிருக்காரே!" என்று சகலையைக் கட்டித் தழுவியவர், அங்கேயே பதவி உயர்வும் அறிவித்தார்.

கைதட்டலுக்கு நடுவே சகலை என் காதருகே குனிந்தான்.

"ரொம்ப நன்றி சகலை. அந்த வேகத்தைப் போட நான் மறந்தே போயிட்டேன். நல்லவேளை, நீங்க போய்ச் சொன்னீங்க."