பாப்பாயியின் புட்டி

"அந்தப் புட்டியை இப்படிக் குடுங்க. நாங்க ஊட்டுக்குப் போறோமுங்க."

முத்தாத்தாள் மேசைக்குக் கையை நீட்டினாள். டாக்டரம்மா ஞானாபரணம் அந்தக் கையைப் பிடித்து விலக்கினார்.

"பேசாம உட்காருங்கம்மா. உங்க மருமக உசிரு இந்தக் குழாய்க்குள்ள இருக்கு."

குழாயில் இருந்தது புட்டியிலிருந்து ஊற்றிய சிறுநீர். டாக்டர் அடிப்பக்கத்தைத் துணியால் பிடித்து, மேல்பக்கத்தை ஸ்பிரிட் விளக்கில் காட்டிக்கொண்டிருந்தார். சூடேறிய இடம், முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. புளித்த வாடை அடிக்கும் திராவகத்தில் சில சொட்டு விட்டுப் பார்த்தார். வெளுப்பு கலையவில்லை.

ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள் மருமகள் பாப்பாயி. அந்த வீட்டில் இவளுக்கு முன்னால் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவள் நாத்தனார் சின்னத்தாயி. பிரசவத்துக்கு முதல்நாள் ஜன்னி கண்டு, பல் கிட்டிப்போய்ச் செத்தாள். பாப்பாயி பக்கத்திலேயே நின்று பார்த்தவள்.

யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றது ஊர். செத்தவளைப் பெற்ற முத்தாத்தாளும் அதை நம்பினாள். பாப்பாயி உண்டானது முதல், அவள் தலைவாரி உதிர்ந்த முடியைக்கூட வெளியே போகவிடாமல் அடுப்பில் போட்டு எரிப்பாள். அதற்காக ஆஸ்பத்திரியையும் விட்டுவிடவில்லை. மூத்திரப் புட்டியை முந்தானைக்குள் மறைத்து, மருமகளையும் கூட்டிக்கொண்டு, காரமடையில் ரயிலேறிக் கோயமுத்தூர் வந்த மாமியார் கொங்குச் சீமையில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"உடம்புல நிக்க வேண்டிய சத்து மூத்திரத்துல ஒழுகுது. மூத்திரத்தைப் பிரிக்கற குண்டிக்காய் கெட ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே. நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்றாள் பாப்பாயி.

"ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாதும்மா. வலி இருக்காது. இதுதான் முதல் அடையாளம். மாசமா இருக்கறவங்களுக்கு இது முத்தினா ஜன்னியில கொண்டு விட்டுடும்."

அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை, வீக்கமில்லை. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. டாக்டரின் நெற்றி சுருங்கியது.

"எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா மூத்திரம் பொய் சொல்லாது."

முத்தாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து, காலை இறுக்கிய தண்டையைத் தளர்த்தப் பார்த்தாள். அது அசையவில்லை. ரயிலில் காலைத் தொங்கப்போட்டு வந்ததில் வீங்கிவிட்டது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தாள்.

"இப்ப என்னங்க பண்றது?" என்றாள்.

"இன்னொரு தரம் பார்த்துடறேன். அதுவும் இப்படியே வெளுத்தா, இன்னிக்கே வலி வரவழைச்சுப் பிரசவம் பார்த்துடணும். இல்லாட்டித் தாய்க்கு ஆபத்து."

"ஏழு மாசம்தானுங்களே. கொழந்தை பொழைக்குமுங்களா?"

"சொல்ல முடியாதும்மா." டாக்டர் ஒரு காலிப் புட்டியை நீட்டினார்.

முத்தாத்தாள் அதை வாங்க எழுந்தாள். என்ன நினைத்தாளோ, நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"நீயே போய்ப் புடிச்சுட்டு வா கண்ணு. உன்ற கையாலயே டாக்டரம்மாகிட்டக் குடு."

பாப்பாயிக்குச் சுருக்கென்று தைத்தது. இனி இவள் தேறமாட்டாள் என்று அத்தையே கைகழுவிவிட்டாள் போலிருக்கிறதே. அழுதுகொண்டே நர்ஸுடன் போனாள், அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

மறுபடியும் விளக்கு, மறுபடியும் குழாய். பாப்பாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு ரங்கநாதரைக் கூப்பிட்டாள். முத்தாத்தாள் கண்ணை மூடவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, விளக்கின் சூடு முகத்தில் அடிக்குமளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

கொதித்தது. வெளுக்கவில்லை. திராவகம் விட்ட பிறகும் தெளிவாகவே நின்றது.

டாக்டர் இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மாறி மாறிப் பார்த்தார். "காலையில அப்படி, இப்ப இப்படியா? ஒரே ஆளுக்கு இப்படி இருக்காதே."

"அப்ப என்ற மருமகளுக்கு ஒண்ணுமில்லீங்களா?" முத்தாத்தாள் பாப்பாயியைக் கட்டிக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்லை. நீங்க கொண்டுவந்த புட்டியிலதான் என்னமோ நடந்திருக்கு."

"மாசமா இருக்கறவளுதைப் பொறத்தியார் கையில குடுக்கப் பயமா இருந்துச்சுங்க. அவ புடிச்சுக் குடுத்ததை ஊட்டுலயே கீழ ஊத்திப்போட்டேனுங்க."

டாக்டர் வெளுத்த குழாயை அவள் முன்னால் நீட்டினார். "அப்ப இது யாரோடது?"

முத்தாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சிரித்தாள்.

"என்னுதுதானுங்க."