மஞ்சள் கோட்டுக்கு அர்த்தம்

“அந்த ஆள் பேரை இந்தக் கடையில எடுக்காதீங்கம்மா. புண்ணியமாப் போகும்.”

சைக்கிள் கடைக்காரர் சொல்லிவிட்டு, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் ட்யூபை அமுக்கினார். அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த பெண் திருதிருவென்று விழித்தாள். அவள் எடுத்தது வேறு யார் பேரையும் அல்ல, அவருடைய சொந்த அப்பாவின் பேரை. நாட்டின் கொடியை வரைந்தவர் என்று பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கிற மனிதரின் பேரை.

இரண்டு விஷயமாக வந்ததாக அவள் மறுபடி ஆரம்பித்தாள். முதல் விஷயம், கொடிக்கு ஐம்பது வயது நிறைகிறது; விழாவில் அப்பாவின் படத்தை அவர்தான் திறந்து வைக்க வேண்டும். இரண்டாவது விஷயத்துக்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

“வேற ஆளைப் பாருங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

தெருவில் எல்லாரும் அவரைக் ‘கொடிக்காரர் மகன்’ என்றுதான் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். எதிரே தபால் ஆபீஸ் மாடியில் தினமும் கொடி ஏறும். கரும்பச்சைத் துணி, நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதை நிமிர்ந்து பார்ப்பான். அவர் மட்டும் ஸ்பேனரைத் தேடுவது போலக் குனிந்துகொள்வார்.

அந்தப் பெண் நகர்வதாக இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவருக்கும் ஐம்பது வருஷமாய் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை யாரிடமாவது கொட்டினால் தேவலை என்று இருந்திருக்க வேண்டும். ட்யூபைக் கீழே போட்டார்.

“எங்கப்பா அதை வரையலம்மா. திருடினாரு.”

அப்போது அவருக்கு ஒன்பது வயது. அவர்கள் வீட்டு மாடி அறையில் ஒருவர் குடியிருந்தார். மாடி மாமா என்றுதான் பெயர். படம் வரைவது தொழில், ஆனால் வெளியே தலை காட்ட மாட்டார். அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மூச்சு விடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். புதிதாய்ப் பிறந்த நாட்டுக்குக் கொடி வேண்டுமென்று அரசாங்கம் போட்டி வைத்திருந்த சமயம். அந்தப் பச்சையையும் மஞ்சளையும் மாமா ஒரு வாரமாய்த் தீட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் இவர். ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், அந்தப் படம் கூடத்து மேசையில் குப்புறக் கிடக்கிறது. அட்டையின் பின்பக்கம் மாமாவின் பெயர். அப்பா அதை ரப்பரால் அழித்து, தூளை ஊதித் தள்ளிவிட்டு, தன் பெயரை எழுதினார்.

அடுத்த மாதம் மாமா காலி செய்துகொண்டு போய்விட்டார். அதற்கடுத்த மாதம் அப்பாவின் படம் பேப்பரில் வந்தது.

“திருடுறதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும்மா. அந்த மஞ்சள் கோட்டுக்கு என்ன அர்த்தம்னு மேடையில கேப்பாங்க. ஒரு வருஷம் விடியல்னாரு. ஒரு வருஷம் உழைப்புன்னாரு. இன்னொரு வருஷம் தங்கம்னாரு, இந்த நாட்டுல தங்கம் எங்க இருக்கு? வரைஞ்சவனுக்கு அர்த்தம் தெரியாதா?”

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவரை ‘அப்பா’ என்று கூப்பிட்டதே இல்லை என்றார். முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை. தனிக்குடித்தனம் வந்த பிறகும் அப்பாதான் விடாமல் வருவார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இதே கடை வாசலில் வந்து நிற்பார். “என்கிட்ட எதாவது தெரிஞ்சுக்கணுமாடா?” என்பார். எப்போதும் அதே கேள்வி. இவரும் எப்போதும் அதே பதில்: “தெரிஞ்சதே போதும்.” ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும் கிழவர் அதையேதான் கேட்டார். இவர் பதில்கூடச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்படி ஒருத்தருக்குப் பொறந்தோமேன்னு இன்னிக்கும் கூனிக் குறுகிக்கிட்டு இருக்கேன். நான் வந்து படம் திறக்கணுமா?”

அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, இதுதான் அந்த இரண்டாவது விஷயம் என்றாள். மூலப் படத்தில் ஈரம் ஏறிவிட்டதால் அட்டையிலிருந்து காகிதத்தைப் பிரிக்க வேண்டி வந்ததாம். பிரித்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கடிதம். அதன் நகலைத்தான் கொண்டு வந்திருந்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அச்சடித்த மாதிரி நேரான எழுத்து. மாடி மாமாவுடையதேதான்.

‘இதைப் பிரிக்கிறவருக்கு. நான் இந்த நாட்டுக் குடிமகன் அல்ல. வெளியேறச் சொல்லி உத்தரவு போட்ட பிறகும் ஒளிந்திருப்பவன். அட்டைக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் போட்ட என் பெயரை யாராவது பார்த்தால் படமும் போகும், நானும் பிடிபடுவேன். அதை அழித்துவிட்டு உங்கள் பெயரில் அனுப்புங்கள் என்று வீட்டுக்காரரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியவன் நான்தான். விளக்கேற்ற முடியாத அறையில், என் கதவுக்கு அடியில் தினமும் தெரியும் இவர்கள் வீட்டு வெளிச்சம்தான் அந்த மஞ்சள் கோடு. யார் கேட்டாலும் வேறு ஏதாவது அர்த்தம் சொல்லிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.’

கடிதத்தில் இன்னும் இரண்டே வரி பாக்கி.

‘தானாக யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார். ஒரே ஒருவனுக்கு மட்டும் விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்: “என் மகன் வந்து கேட்டா மட்டும் மறைக்க மாட்டேன், அவன் என்னைக்காவது ஒரு நாள் கேக்காமலா போயிடுவான்?”’