மூன்றாம் கவுன்ட்டர்

“இதுக்குப் பின்பக்கம் எங்கம்மா?”

மூன்றாம் கவுன்ட்டர்காரர் மார்க் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். பின்னால் வெறும் வெள்ளை. முன்பக்கத்தை மட்டும் அவள் ஜெராக்ஸ் எடுத்திருந்தாள்.

மார்க்கெல்லாம் முன்பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். பின்பக்கம் இல்லாமல் ஃபைல் நகராது என்றவர், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அவள் வேறொரு நாட்டில் ஐந்து வருஷம் பிசியோதெரபி படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. அவள் படித்த இடத்தில் முழுப் பட்டத்துக்கே டிப்ளோமா என்றுதான் பெயர். இங்கே டிப்ளோமா என்றால் பட்டத்துக்கு ஒரு படி கீழே. அங்கே மார்க் ஒன்று என்றால் உச்சம், ஐந்து என்றால் ஃபெயில். இங்கே பத்துக்குப் பத்து வாங்கினால்தான் கெட்டிக்காரி. அவள் வாங்கியது 1.4.

“அஞ்சு வருஷம் படிச்சும் டிப்ளோமாதானா? நடுவுல ஏதாச்சும் அரியரா?” என்று மெக்கானிக்கான கணவன் கல்யாணமான புதிதில் கேட்டான். விளக்கியதில் அவனுக்குப் பாதி புரிந்தது. மருமகள் ஒன்றரை மார்க் கூட வாங்கவில்லை என்பதை மாமியார் பெரிய மனசு பண்ணி சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் வைத்திருந்தார்.

இப்போது அவள் ஓர் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுகிறாள். அங்கேயே பிசியோதெரபிஸ்ட் வேலை காலியாக இருக்கிறது. அவள் படிப்பு இங்கத்திப் பட்டத்துக்குச் சமம் என்று இந்த அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், வேலை அவளுக்குத்தான். முப்பதாம் தேதி வரை பொறுப்பதாகத் தலைமை டாக்டர் சொல்லியிருந்தார்.

பின்பக்கத்தோடு மறுபடி போனாள். எறும்பு சைஸ் எழுத்தில் ஏதோ விதிகள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு வரி விடாமல் படித்தார். முடித்ததும், ஐந்து வருஷத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று காலேஜிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்.

வரிசையில் நின்றவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவருக்கு அங்கே ‘நொட்டை சார்’ என்று பெயராம். எதைக் கொடுத்தாலும் ஒரு நொட்டை சொல்வாராம். ரெண்டாம் கவுன்ட்டர் அம்மா தங்கமாம், பத்தே நிமிஷத்தில் சிரித்த முகத்தோடு சீல் போட்டுக் கொடுத்துவிடுவாராம். ஆனால் ஃபைல் எங்கே திறந்ததோ அங்கேதான் முடிய வேண்டும் என்பது அந்த அலுவலக வழக்கம்.

கெஞ்சிக் கூத்தாடி மெயில் மேல் மெயில் அனுப்பி அந்தக் கடிதத்தையும் வாங்கி வந்தாள். தேதி இருபதாகியிருந்தது. இந்த முறை கணவனும் கூட வந்தான். மூன்றாம் கவுன்ட்டர்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்தப் படிப்பை வெச்சு அங்க நேரா பிஎச்.டி. சேர முடியுமா? அதுக்கும் ஒரு லெட்டர் வேணும்.”

அவளுக்குத் தலை சுற்றியது.

“சார், நான் பிஎச்.டி. பண்ணப் போறதில்ல. கை கால் முடியாதவங்களை நடக்க வைக்கப் போறேன். எனக்கு எதுக்கு சார் அது?”

“லெட்டர் வேணும்” என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

கணவன் அங்கேயே ஒரு தாளை வாங்கி, வேண்டுமென்றே அலைய விடுகிறார் என்று புகார் எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள். பெட்டியில் போட்டபோது மனசு கொஞ்சம் ஆறியது.

கடைசிக் கடிதம் வந்தபோது தேதி இருபத்தெட்டு. இன்றைக்கு என்ன நொட்டையோ என்று நினைத்துக்கொண்டே நீட்டினாள். அவர் படித்தார். எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் தட்டி, சீல் போட்டு, தாளை நீட்டினார்.

‘பட்டப்படிப்புக்கு இணையானது. முதல் வகுப்பு, சிறப்பு நிலை.’ கீழே காரணங்கள் இருந்தன. மார்க் ஷீட்டின் பின்பக்க விதிப்படி ஒன்றே உச்ச மதிப்பெண். பயிற்சி நேரம் இங்குள்ள பட்டப்படிப்பைவிட அதிகம். நேரடியாக பிஎச்.டி. சேரத் தகுதியுள்ள படிப்பு.

வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டதா என்று கணவன் பெயரை இரண்டு தரம் சரிபார்த்தான்.

பக்கத்துக் கவுன்ட்டரில் ஒருவர் தகராறு செய்துகொண்டிருந்தார். அவரும் அவள் படித்த நாட்டிலேயே படித்தவர். அவர் மார்க் 1.2, அவளைவிட நல்ல மார்க். போன மாதம் பத்தே நிமிஷத்தில் கடிதம் வாங்கிப் போனவராம். அதில் ‘டிப்ளோமா, தேர்ச்சி மட்டும்’ என்று இருந்தது. சான்றிதழில் உள்ளதைத்தான் போட்டேன், சீல் விழுந்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது என்று ரெண்டாம் கவுன்ட்டர் அம்மா அதே சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்றாம் கவுன்ட்டருக்குத் திரும்பிப் போனாள்.

“சார்... இதெல்லாம் எதுக்குன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே?”

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“எந்தப் பேப்பர் குடுத்தா நல்லதுன்னு நாங்க யோசனை சொல்லக் கூடாதும்மா. சொன்னா வேலை போயிடும். இது இல்ல, அது இல்லன்னு குறைதான் சொல்லலாம்.”

அடுத்த டோக்கனுக்கான பொத்தானை அழுத்தினார்.

“அதுக்குப் புகார் மட்டும்தான் வரும்.”