இரண்டு விரல் இடைவெளி

“ஷூவைக் கழட்டிட்டு நில்லுங்க சார்” என்று சைக்கிள் கடைக்கார அம்மாள் இரண்டாம் முறையாகச் சொன்னார். சாக்ஸில் ஓட்டை இருக்கிறது என்றார் சர்வேயர். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிற மனிதர், தன்னை அளக்க மட்டும் விடமாட்டேன் என்று நின்றார்.

இத்தனைக்கும் சைக்கிள் வாங்க வந்தது மனைவியின் முதுகு வலிக்காக. எலும்பில் ஒரு பழுதும் இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் ஓட்டட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக ஓட்ட மாட்டேன் என்று அவள் அடம்பிடிக்கவே, ஜோடியாக வாங்கிவிடலாம் என்று இவர்தான் பெருந்தன்மையாகச் சொல்லித் தொலைத்தார். கடையில் அளவெடுப்பார்கள் என்று யார் கண்டது?

அளவெடுப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வெறுங்காலோடு சைக்கிளின் நடுக்கம்பிக்கு இருபுறமும் கால் போட்டு நிற்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்து, கம்பிக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அதுதான் சரியான ஃப்ரேம். “இடைவெளி இல்லேன்னா, சடன் பிரேக் போடுறப்போ...” என்று ஆரம்பித்த கடைக்கார அம்மாள், மீதியை மரியாதை கருதி விழுங்கிவிட்டார்.

முதலில் மனைவிதான் நின்றாள். முழங்காலை மடக்காமல் நிற்கச் சொன்னதற்கு, கணவரை ஒருதரம் பார்த்துவிட்டு, இந்த வலிக்கு இப்படித்தான் நிற்க வருகிறது என்றாள். சரி என்று அவளுக்கு நடுத்தர ஃப்ரேம் ஒன்றை எடுத்து வைத்தார்கள்.

அப்படியானால் சர்வேயர் அதைவிடப் பெரியதைத்தான் வாங்கியாக வேண்டும். தன்னைவிடக் குள்ளமானவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் கல்யாணத்துக்கு முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவர் குதிகாலுக்கு அடியில் போன ரப்பர் கட்டை, பதினோரு வருடமாக அவரை விட்டுப் பிரியவில்லை. தரை குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாது என்று வீட்டுக்குள்ளும் தடித்த செருப்புதான். படுத்துவிட்டால் யாருக்கும் உயரம் தெரியாது. விஷயம் தெரிந்தால் அவள் தன்னை ஒரு மனிதனாகவே மதிக்க மாட்டாள் என்று அவருக்கு உள்ளூர நடுக்கம்.

ஷூவோடு பெரிய சைக்கிளில் கால் போட்டு நின்று காட்டினார். கடைக்கார அம்மாள் மசியவில்லை. “வெறுங்கால்ல நிக்காம நான் விக்க மாட்டேன் சார். நாளைக்கு நீங்க விழுந்து வச்சா என் கடைக்குத்தான் கெட்ட பேரு.”

வேறு வழியில்லாமல் கழற்றினார். ரப்பர் கட்டை நழுவி, மனைவியின் காலடியில் போய் விழுந்தது. கம்பிக்கும் அவருக்கும் நடுவே இப்போது ஒரு காகிதம்கூட நுழையாது.

“உன்னை ஏமாத்திட்டேன்” என்றார் தரையைப் பார்த்தபடி. “வேற யாரையாவது கட்டிக்குவியோன்னு பயமா இருந்துச்சு.”

அவள் கட்டையை எடுத்துத் தூசி தட்டி, அவருடைய சட்டைப் பையிலேயே போட்டாள். பிறகு கடைக்கார அம்மாளிடம், நடுத்தர ஃப்ரேமை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பெரியதைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள்.

சர்வேயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “உன் உயரத்துக்குப் பெரிசு எதுக்கு?”

“அதுதாங்க என் சைஸ். உங்களுக்காகக் குனிஞ்சு குனிஞ்சுதான் இந்த முதுகு வலியே வந்துச்சு.”