பதினோராவது ஷரத்து

“நாலு மாட்டையும் ஒரே கயித்துல கட்டறீங்கம்மா. ஒண்ணு பள்ளத்துல விழுந்தா மத்த மூணையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். நல்லா யோசிச்சீங்களா?”

கடன் அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“யோசிச்சுட்டேன் சார்” என்று தையல்காரம்மாவும் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

அவள் தனிக்கட்டை. முப்பது வருஷம் தையல் மிஷினை மிதித்துச் சம்பாதித்ததில், வாடகைக்கு விட்ட வீடு நாலு இருந்தது. நாலுக்கும் நாலு இடத்தில் கடன். மூன்றாம் தேதி ஒரு தவணை, ஒன்பதாம் தேதி ஒரு தவணை என்று மாதம் பூராவும் ஓட்டம். எல்லாவற்றையும் சேர்த்து இந்த வங்கியில் ஒரே கடனாக்கிக்கொள்ள வந்திருந்தாள். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் போன பிறகு, தவணை போக மிஞ்சுகிற வாடகைதான் அவளுக்குச் சோறு. அதனால்தான் அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை.

பக்கத்தில் அவள் தம்பி. தலை வழுக்கை விழுந்து, மகளைக் கட்டிக் கொடுத்தும் ஆயிற்று, இன்னமும் ‘கடைக்குட்டி’தான்.

“இதென்ன சார் பதினோராவது ஷரத்து?” கடைக்குட்டி பத்திரத்தில் விரலை ஊன்றினான்.

“கடன் முழுசாத் தீர்ற வரைக்கும் எந்த வீட்டையும் தனியா விக்க முடியாது.”

“தீர எத்தனை வருஷம்?”

“பதினஞ்சு.”

“அடேங்கப்பா! அக்கா, காதுல விழுதா? அவசரம் ஆத்திரம்னா ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாதாம். இது கடனா, கால்விலங்கா?”

“விழுதுடா. கத்தாதே, நாலு பேர் பாக்கறாங்க.”

“நீ சும்மா இருக்கா. இதென்ன சட்டைக்கு அளவெடுக்கற விஷயமா? சார், எங்கக்கா வெளுத்ததெல்லாம் பால்னு நம்பற ஜென்மம். நீங்கதான் பார்த்துச் செய்யணும்.”

அதிகாரிக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவருக்கும் ஒரு தம்பி இருக்கிறான். செத்தாயா பிழைத்தாயா என்று கேட்டு வருஷம் இரண்டாகிறது. இந்தக் காலத்தில் அக்காவுக்காக இப்படி வரிந்து கட்டுகிற தம்பியா!

சட்டென்று போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

“சார், நாலும் நல்ல வீடு. அந்தம்மா ஒரு தவணைகூடத் தவறினதில்லை. ஒரு வீட்டை வித்தா அந்தப் பங்குக்கான கடனைக் கட்டிட்டு, அதை மட்டும் விடுவிச்சுக்கலாம்னு மாத்திக் குடுங்க சார்... ஆமா, வழக்கம் இல்லதான்... நான் பொறுப்பு சார்...”

பத்து நிமிஷம் தொண்டைத் தண்ணி வற்ற வாதாடினார். போனை வைத்தபோது முகமெல்லாம் பல்.

“சரின்னுட்டார்! பதினொண்ணைத் தூக்கியாச்சு. இனிமே எப்ப வேணும்னாலும், எந்த வீட்டை வேணும்னாலும் நீங்க விக்கலாம்மா!”

“தெய்வம் சார் நீங்க!” கடைக்குட்டி எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான்.

தையல்காரம்மா முகத்தில் ஈயாடவில்லை.

“சந்தோஷத்துல பேச்சு வரலை சார் அக்காவுக்கு” என்றான் தம்பி. அதிகாரியும் அப்படித்தான் நினைத்தார்.

“அம்மாவோட அடையாள அட்டைக்கு ஒரு நகல் மட்டும் வேணும். எதிர்த்தாப்புல கடை இருக்கு.”

“இதோ, போன காலோட வர்றேன்!” அட்டையை வாங்கிக்கொண்டு கடைக்குட்டி பறந்தான்.

கண்ணாடிக் கதவு மூடியதோ இல்லையோ, தையல்காரம்மா மேஜைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவன் வர்றதுக்குள்ள அந்தப் பதினொண்ணைத் திரும்பப் போட்டுடுங்க.”

“என்னம்மா சொல்றீங்க? உங்க நல்லதுக்குத்தானே மல்லுக்கட்டி எடுத்தேன்?”

“அந்த ஒரு ஷரத்துக்காகத்தான் சார் நான் இந்தக் கடனையே வாங்க வந்தேன். நான் கட்டினது ஆறு வீடு. பெரிய தம்பி தொழிலுக்குன்னு கேட்டான், ஒண்ணை வித்தேன். நடுத் தம்பி கேட்டான், இன்னொண்ணு போச்சு. இப்ப இவன் நிக்கறான். கூடப் பொறந்தவன் கேட்டா ‘இல்லை’ன்னு சொல்ல எனக்கு நாக்கு எழாது சார், பதினஞ்சு வருஷத்துக்கு எனக்குப் பதிலா நீங்க சொல்லுங்க.”