லோத்குண்டாவிலிருந்து டாலஸ்

"தோஹாவுக்கு நாலு மணி நேரம். அங்கேருந்து டாலஸ் பதினாறு மணி நேரம், ஒரே மூச்சு. மொத்தம் பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல! உன் முழங்கால் தாங்குமா மங்கை?"

லோத்குண்டா வீட்டில் உட்கார்ந்து, போனில் பார்த்ததை ராமச்சந்திரன் மனைவிக்குப் படித்துக் காட்டினார். டாலஸில் மகள் அக்ஷதாவுக்குப் பிரசவம். மங்கையர்க்கரசி ஒத்தாசைக்குப் போனால் ஆறு மாசம் திரும்ப மாட்டாள். அவருக்கோ காஸ் லைட்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஆறு மாசம் காபிக்கு எங்கே போவார் மனிதர்? முழங்கால் மேல் திடீரென்று அக்கறை பொத்துக்கொண்டு வந்தது அதனால்தான்.

"ஒரு ரிகர்சல் பாத்துடுவோம். இந்த நாற்காலிதான் பிளேன். நாளைக்குப் பதினாறு மணி நேரம் உக்காரு. பாத்ரூம் தவிர எதுக்கு எழுந்தாலும் டிக்கெட் கிடையாது."

ஒரு மணி நேரத்தில் சமையலறைக்கு ஓடிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

"ஹவ், சரி, உக்காரறேன். ஆனா பிளேன்ல சாப்பாடு சீட்டுக்கே வரும்ல?" என்றாள் அவள்.

மறுநாள் விடிந்ததும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அவருடைய பழைய பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் பூஜை மணி.

கிணி கிணி!

"காபி."

"எனக்கெங்கே போடத் தெரியும்?"

"அப்ப நானே எழுந்து போட்டுக்கறேன். காபி சீட்டுக்கு வரலைன்னா அது கணக்குல வராது, சொல்லிட்டேன்."

ஐயையோ! ஓடிப்போய்ப் போட்டார். முதல் காபி கழுநீர் மாதிரி இருந்தது. ஃபில்டரில் பொடியை நன்றாக அழுத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது தேவலை. மறுபடி மணி. இட்லி, சட்னி. மத்தியானம் சாம்பார், ரசம், பொரியல்.

"கறிவேப்பிலை கருகற வாசனை வருது பாருங்க!"

சீட்டிலிருந்தே உத்தரவு பறந்தது. அவருக்கு விரலில் சூடு, கண்ணில் மிளகாய், பனியனெல்லாம் மஞ்சள். ரசம் மட்டும் மூன்று தடவை வைத்தும் உருப்படவில்லை. அவளோ இரண்டு சினிமா பார்த்து, குட்டித் தூக்கமும் போட்டாள். முழங்கால் மூச்சுக் காட்டவில்லை.

சாயங்காலம் தான் போட்ட காபியைத் தானே குடித்துப் பார்த்தார். அட, நன்றாகத்தான் இருந்தது!

ராத்திரி தோசையும் முடிந்து, நாற்காலி ஒருவழியாக டாலஸில் இறங்கியபோது அவர் அடுப்படியில் சரிந்து கிடந்தார்.

"தோத்துட்டேன் மங்கை. டிக்கெட் போட்டுடறேன். நிம்மதியாப் போயிட்டு வா, நான் சமாளிச்சுக்கறேன்."

மங்கையர்க்கரசி பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, சோம்பல் முறித்து எழுந்தாள்.

"டிக்கெட்டா? நக்கோ, வேண்டாம். நீங்க ரிகர்சல்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, செவ்வாக்கிழமையே அக்ஷதா போன் பண்ணிட்டா. தலைப்பிரசவம் அம்மா வீட்லதான்னு கிளம்பி வரா. மாப்பிள்ளை, சம்பந்திங்க எல்லாரும் கூட வராங்க. அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியா எப்படிச் சமைக்கறதுன்னு பயந்துட்டே இருந்தேன். இப்பத்தான் தைரியம் வந்துச்சு. ரசத்துக்கு மட்டும் உங்களுக்கு இன்னொரு ரிகர்சல் வச்சுடலாம்!"